ஹெல்மெட் வொறண்டி: வன்னிப் பக்கம் ஆருக்காவது ஒழுங்காக் கிடைச்சதோ?

முறிகண்டியான்:
கிளிநொச்சியில ஒரு கடையில புது ஹெல்மெட் ஒண்டு எடுத்தனான், இந்தியாச் சாமான், ஒரு வருச வொறண்டி எண்டு பெட்டியிலயே அடிச்சிருக்கு. எடுத்துக் கொஞ்ச நாளிலயே நாடிப்பட்டி லொக் வழுகத் தொடங்கிட்டுது. பல்லுப் பல்லா ஒரு பிளாஸ்ரிக் நாக்கு இருக்குமே, உள்ளுக்க தள்ள கர் கர் எண்டு இறுகும், அந்த ரைப். பூட்டிப்போட்டு பட்டிக்குள்ள ரெண்டு விரலை விட்டு இழுத்தா ஒவ்வொரு பல்லா விட்டு விட்டு வருது, கழட்டுற சிவப்புத் தட்டைத் தொடவே தேவையில்லை. விழுந்தா ஹெல்மெட் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்.

கடைக்குக் கொண்டுபோனா முதலாளி "தம்பி, புழுதி போயிருக்கும், கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாருங்கோ" எண்டார். உள்ளுக்க கிறவல் றோட்டில ஓடுற ஆக்களுக்குத்தானே விக்கிறீங்கள், புழுதிக்கு ஏலாத லொக்கை ஏன் போட்டவங்கள் எண்டு கேக்க, கொழும்பு ஏஜென்ருக்கு அனுப்போணும், அவையள்தான் முடிவு சொல்லோணும் எண்டு வாங்கி வச்சார். அதுவரைக்கும் நான் என்னத்தைப் போட்டுக்கொண்டு ஏ9இல ஓடுறது, மாங்குளத்தில பொலிஸ் மறிச்சா வொறண்டிக் கதையே சொல்லுறது? மச்சான்ர பழசை இரவல் வாங்கித்தான் ஓடினன்.

கடைசியில வந்த பதில், "பாவிச்சதால வந்த தேய்மானம், வொறண்டி இல்லை". வேணுமெண்டா வேற பட்டி ஒண்டு றிவிற் அடிச்சுத் தாறம் எண்டினம். ஹெல்மெட் கோதில புதுசாத் துளை போட்டு அடிக்கப் போறாங்களாம், உதுக்கு நான் சம்மதிக்கேல்ல. ஆராவது இப்பிடி மாட்டுப்பட்டனீங்களோ?

ஒட்டுசுட்டான் றைடர்:
எனக்கு நல்லபடியா முடிஞ்சது, அதையும் சொல்லத்தானே வேணும். என்ர முன்கண்ணாடியைப் பிடிச்சிருக்கிற பக்கத்துப் பிளாஸ்ரிக் உடைஞ்சு, தூக்கினா நிக்காமப் படார் எண்டு விழும். மாங்குளம் முல்லைத்தீவு றோட்டில இரவில பூச்சி வந்து அடிக்கேக்க கண்ணாடி இல்லாம ஓடிப் பாருங்கோ தெரியும். கடைக்காரப் பெடியன் வட்ஸ்அப்பில வீடியோ எடுத்து ஏஜென்ருக்குப் போட்டான், ஹெல்மெட்டை அனுப்பச் சொல்லவே இல்லை, அந்தச் சாமான் மட்டும் பஸ்ஸில வந்தது. ஆனா கண்ணாடியில இருந்த கீறலுக்கு ஒண்டும் இல்லை எண்டிட்டினம், அது எங்கயும் அப்பிடித்தான். அறுவடை நேரம் றோட்டில நெல்லுக் காயப் போட்டிருப்பினம், அந்தத் தூசியைக் காய்ஞ்ச துணியால துடைச்சா கீறல் விழாமல் என்ன செய்யும், தண்ணி ஊத்திக் கழுவோணும். பெற்றோல், தின்னர் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ, உள்ளுக்க இருக்கிறது ரெஜிபோம் எண்ட வெள்ளை நுரைச் சாமான், கரைஞ்சு போகும்.

குளத்தடிப் பெடியன், வவுனியா:
என்ர பில்லில "ஹெல்மெட் 1" எண்டு மட்டும்தான் எழுதியிருந்தவை, மொடல் இல்லை, வொறண்டி எத்தினை மாசம் எண்டில்லை, சீலும் இல்லை. ஏஜென்ற் இந்த பில்லு செல்லாது எண்டிட்டான். சரி எண்டு விட்டிட்டன், வேற என்ன செய்யிறது.

பழைய றைவர்:
விடாதேங்கோ தம்பியவை. முறிகண்டித் தம்பி, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை எண்டு ஒண்டு இருக்கு, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம். 1977 எண்ட நம்பருக்குப் போன் அடிச்சுக் கேக்கலாம், ஆனா முறைப்பாட்டை எழுத்தில குடுக்கோணும், அதுவும் சாமான் வாங்கி 3 மாசத்துக்குள்ள. இந்தக் கணக்கு கனபேருக்குத் தெரியாது, ஏஜென்ற் பதில் சொல்லுவான் எண்டு பாத்துக்கொண்டிருக்க அந்த 3 மாசம் போயிடும், சில கடைக்காரர் இழுத்தடிக்கிறதும் அதுக்குத்தானோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம். பில், பெட்டி, லொக் வழுகிற வீடியோ, "தேய்மானம்" எண்டு அவையள் அனுப்பின மெசேஜ், எல்லாத்தையும் சேத்துக் குடுங்கோ.

மற்றது, விழுத்தின ஹெல்மெட்டுக்கு வொறண்டி கேக்க ஏலாது. ரெஜிபோம் ஒருக்கா நசுங்கினா திரும்ப எழும்பாது, வெளியில கோது வடிவா இருந்தாலும் அது முடிஞ்ச சாமான்தான். ஆனா பட்டி லொக் அப்பிடி இல்லை, விழாமலே வழுகுதெண்டா அது செய்தவன்ர பிழை. வாங்கேக்கயே எங்கட இலங்கைத் தர முத்திரை எஸ்எல்எஸ் 517 இருக்கோ, இந்தியாச் சாமானெண்டா அவையின்ர தர முத்திரை ஐஎஸ் 4151 எண்டு அடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ. முத்திரையை மட்டும் நம்பவும் ஏலாது, ஸ்ரிக்கர் அடிக்கிறது பெரிய வேலையே. கடையில வச்சே போட்டுப் பட்டியை இறுக்கி, பின்பக்கத்தைப் பிடிச்சு முன்னுக்குத் தள்ளிப் பாருங்கோ, தலையை விட்டுக் கழண்டா அந்த இடத்திலயே திருப்பிக் குடுத்திட்டு வாங்கோ. இதொண்டும் பாக்காம நிறத்தையும் டிசைனையும் பாத்து வாங்கிறவைதான் கூட.

முறிகண்டியான்:
நன்றி அண்ணை, எனக்கு 3 மாசம் ஆகேல்ல, அதாலதான் தப்பினன். கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) போய் எழுதிக் குடுக்கப் போறன் எண்டு சொல்லி, எழுதின கடிதத்தை முதலாளிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினன். அண்டைக்குப் பின்னேரமே கோல் வந்திட்டுது, "ஏன் தம்பி உதெல்லாம், நாங்கள் கதைச்சு முடிப்பம்" எண்டு. அதே ஏஜென்ற், அதே ஹெல்மெட், இப்ப மட்டும் தேய்மானம் இல்லையாம்.

புதுசு தந்தவை, இந்தமுறை இரட்டை வளையம் போட்ட பட்டி கேட்டு வாங்கினன், பூட்டக் கொஞ்சம் மினக்கேடு ஆனா வழுகப் பல்லே இல்லை. பில்லில மொடல், திகதி, வொறண்டி மாசம் எல்லாம் எழுதுவிச்சு சீலும் குத்துவிச்சன். பழசைக் கடையில வச்சிட்டு வெளிக்கிட, கடைப் பெடியன் அதைத் துடைச்சு மற்றதுகளோட றாக்கையில வைக்கப் போறான்! கத்திரிக்கோல் ஒண்டு தாங்கோ எண்டு வாங்கி நாடிப்பட்டியை ரெண்டு பக்கமும் வெட்டிவிட்டிட்டுத்தான் வந்தனான். முதலாளிக்கு முகம் கறுத்துப் போச்சு, பரவாயில்லை.