கல்லூரிப் படிப்பில் கைகொடுத்த பழக்கங்கள்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

இயந்திரப் பொறியியல் பட்டதாரி, மதுரை

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு முதல் பருவக் கணிதத்தின் ‘குவாட்ராடிக் ஃபார்ம்’ (இருபடிக் கோவையை அணி கொண்டு எளிய வடிவுக்கு மாற்றும்) கணக்கு நினைவிருக்கும். ஆசிரியர் கரும்பலகையில் போடும்போது ஒவ்வொரு வரியும் புரியும். அறைக்கு வந்து நோட்டைப் புரட்டினாலும் புரிவது போலவே இருக்கும். பக்கத்து அறை சீனியர் அண்ணன் ஒருவர் என் கையிலிருந்த நோட்டை வாங்கி மூடிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, “இப்ப போடுப்பா” என்றார். அந்த அணிக்குரிய சிறப்பு எண்களான ஐகன் மதிப்புகள் வந்தன, அவற்றுக்குரிய ஐகன் வெக்டர்களும் வந்தன. ஒவ்வொரு வெக்டரையும் அதன் நீளத்தால் வகுக்க வேண்டிய இடத்தில் பேனா நின்றது. அதை விட்டுவிட்டால், விடையாகக் கிடைக்கும் அணியில் ஐகன் மதிப்புகள் வரவேண்டிய மூலைவிட்டத்தில் வேறு எண்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த வரி நமக்குத் தெரியாது என்பதை நோட்டு காட்டிக்கொடுக்காது, வெற்றுத்தாள்தான் காட்டும் என்பதால், அன்றன்று நடந்த கணக்கை அன்று மாலையே நோட்டைப் பாராமல் போட்டுப் பார்ப்பது கடைசிப் பருவம் வரை என் வழக்கமாக இருந்தது.

உதவிப் பேராசிரியர், கோவை

மேலே சொன்னதைப் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன், நம்புபவர்கள் குறைவு. அதற்குக் காரணமும் உண்டு. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடும், ஒருமுறை படித்துவிட்டுப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 75 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்து அதுவே முறையே 42, 56 என்று தலைகீழானது. தேர்வுக்கு முதல் நாள் இரவு கேள்வி வங்கியை ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பவர் அந்த ஐந்து நிமிடத் தெளிவை மட்டுமே பார்க்கிறார் (இன்டர்னல் தேர்வு வரை அது போதுமானதாகவும் இருந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல்).

எழுதிப் பார்ப்பவர்கள் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் (பாடத்திட்ட, தேர்வு விதிகளில்) பெரும்பாலான தாள்களில் மூன்று மணி நேரத்துக்கு 100 மதிப்பெண். அப்படியென்றால் 13 மதிப்பெண் வினாவுக்குச் சுமார் 23 நிமிடம்தான். விடை தெரிந்தும் கடைசி வினாவைத் தொடாமல் எழுந்து வரும் மாணவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன்.

தமிழ்வழியில் படித்து வந்தவர், திருவண்ணாமலை

பாராமல் எழுதிப் பார்ப்பது கணக்குக்குச் சரி, தியரித் தாள்களுக்கு எனக்கு இன்னொரு படியும் தேவைப்பட்டது. ஆங்கில வரையறையை அப்படியே மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்தாலும் முழு விடையும் போய்விடும் என்பதால், முதலில் அறைத்தோழியிடம் அதைத் தமிழில் விளக்குவேன். “அது ஏன்டி அப்படி?” என்று அவள் கேட்கும் இடத்தில் பதில் வரவில்லையென்றால் புத்தகத்துக்குத் திரும்புவேன், பதில் வந்துவிட்டால் உடனே அதை என் சொந்த ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிவிடுவேன். அந்த ஆங்கிலம் அழகாக இராது, ஆனால் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.