தை முகூர்த்தம் வருது, சிஸ்டம் திறக்கவே 11 நிமிஷம் ஆகுது

பேஜ்மேக்கர்_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். சாத்தூரில் வீட்டிலேயே டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்து சிவகாசி பிரஸ்ஸுக்கு அனுப்புவேன். சிஸ்டம் 2014-இல் வாங்கியது. நாலாம் தலைமுறை ஐ3 ப்ராசசர், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

காலையில் உலை வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டால், சோறு வடிக்கிற நேரத்துக்குத்தான் மவுஸ் அசைகிறது. கடிகாரம் வைத்தே பார்த்தேன், 11 நிமிடம். அதற்கப்புறமும் சேவ் கொடுத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நேற்று மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து, "தாய்மாமன் பேரை ஒரு வரி மேல ஏத்துங்க" என்றார்கள். அந்த ஒரு வரி ஏறுவதற்குள் டீயும் குடித்து, தாய்மாமன் பேர் எங்கே வரவேண்டும் என்று சண்டையும் போட்டு முடித்துவிட்டார்கள்.

டெம்ப் ஃபைல் எல்லாம் அழித்துப் பார்த்துவிட்டேன். கொழுந்தனார் மகன் ஏதோ கிளீனர் போட்டுக்கொடுத்தான். அது இப்போது விளம்பரம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. போன மாதம் 4 ஜிபி ரேம் கூடுதலாக வாங்கிப் போட்டேன், துளி மாற்றம் இல்லை. கடையில் "மொத்தமா மாத்திருங்க, 38,000 ஆகும்" என்கிறார்கள். இதையே தேற்ற வழி இருக்கிறதா?

பென்குயின்_பையன்:
அக்கா, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மிண்ட் போடுங்க. பறக்கும்.

பேஜ்மேக்கர்_அக்கா:
பறக்கட்டும் தம்பி. நான் பத்திரிகை அடிக்கிற பேஜ்மேக்கர் அதில் ஓடுமா?

பென்குயின்_பையன்:
நேரடியா ஓடாதுக்கா. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸ்ல ஓட்டுற வைன் வெச்சு முட்டிப் பார்க்கலாம்... சரி, முகூர்த்த நேரத்துல வேண்டாம்.

திருகாணி:
சகோதரி, இனிமேல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். சிஸ்டம் திறந்து பத்து நிமிடம் ஆனபிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் எத்தனை சதவீதம்? அடுத்து, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. அதில் டிஸ்க்குக்கு நீலமா மஞ்சளா? கடைசியாக செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பக்கத்தில் ரேம் என்னவென்று போட்டிருக்கிறது?

பேஜ்மேக்கர்_அக்கா:
சிபியு 9, மெமரி 61. டிஸ்க் 100-ஐ விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. கிரிஸ்டலில் மஞ்சள், "காஷன்" என்று இருக்கிறது. சி5 என்ற வரிக்கு நேரே கடைசியில் 18. ரேம் 8 ஜிபி, பக்கத்திலேயே 3.2 யூசபிள். 32-பிட் என்றும் போட்டிருக்கிறது.

திருகாணி:
நினைத்தேன். உங்கள் ப்ராசசர் வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க்கிலிருந்து சரக்கு வராததால் உட்கார்ந்திருக்கிறது.

உங்களுடைய மாதிரி மேசைக் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். ஊசி நகர்ந்து, வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருந்துதான் படிக்க முடியும். அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் துணுக்குகள் என்றால் செகண்டுக்கு நூறு சொச்சம் எடுப்பதே பெரிது. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கில் கேட்கும். எஸ்எஸ்டி என்பது தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கிற டிஸ்க். அதில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை, அதனால் காத்திருப்பும் இல்லை.

உங்கள் டிஸ்க்குக்கு இதற்கு மேல் உடம்பும் சரியில்லை. சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகளின், கணக்கு. அந்த மென்பொருள் எண்களைப் பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாக வைத்துக் காட்டும், ஆகவே 18 என்றால் 16-உம் 8-உம் சேர்த்து 24. அந்த மாதிரி இடத்தில் மாட்டினால் டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். உங்கள் வட்டம் சுற்றுவதில் பாதி அதுதான்.

ரேம் போட்டும் பலனில்லாததற்குக் காரணம், 32-பிட் விண்டோஸ் 10 நாலு ஜிபிக்கு மேல் தொடாது. அதிலும் கொஞ்சம் கிராபிக்ஸுக்கும் மற்றதுக்கும் போய்விடும். 64-பிட் போட்டால் நீங்கள் கொடுத்த காசு வேலை செய்ய ஆரம்பிக்கும்.

டிஃப்ராக் (சிதறிய துணுக்குகளைச் சேர்த்து அடுக்குவது), கிளீனர் எதையும் இனி ஓட்டாதீர்கள், சாகக் கிடக்கிற டிஸ்க்கை ஓடவிடக் கூடாது. முதலில் காப்பி. வேலை ஃபைல்கள் மட்டும் போதாது, விண்டோஸுக்குள் இருக்கிற ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் அப்படியே எடுங்கள்.

அப்புறம் 240 ஜிபி சாட்டா (பழைய டிஸ்க் மாட்டியிருக்கிற அதே வகை இணைப்பு) எஸ்எஸ்டி ஒன்று. உங்கள் மதர்போர்டு எச்81 வகையாக இருந்தால் நாலு சாட்டா சாக்கெட்டில் இரண்டுதான் வேகமானவை. பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும், பார்த்து மாட்டுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே நகலாக (க்ளோன்) எடுக்க வேண்டாம், விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

பேஜ்மேக்கர்_அக்கா:
ஃபாண்ட் சொன்னீர்களே, புண்ணியமாகப் போகும் அண்ணாச்சி! ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருதடவை ஃபார்மட் செய்ததில் ஃபாண்ட் எல்லாம் போய், பழைய பத்திரிகையைத் திறந்தால் "நிகழும் மங்களகரமான" இருக்க வேண்டிய இடத்தில் பூச்சி பூச்சியாக இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் நின்றன. அதில் ஒரு ஃபாண்ட் இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை.

மல்லிகை_ஈரோடு:
நான் போன வருஷம் செய்தேன், அதே மாதிரி பழைய ஐ3. ராத்திரியும் பகலும் போல வித்தியாசம். ஆனால் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுபோயிற்று என்பதையும் மனதில் வையுங்கள். இன்டெல் என்றால் விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறை முதல்தான். நான் பேங்க் வேலையை மட்டும் அந்த சிஸ்டத்தில் செய்வதில்லை.

பேஜ்மேக்கர்_அக்கா (எட்டு நாள் கழித்து):
முடிந்தது! காப்பி எடுக்கவே இரண்டு ராத்திரி பிடித்தது. 2017 ஃபோல்டரில் மூன்று ஃபைல் வரவே இல்லை. இரண்டு போனால் போகிறது, மூன்றாவது எங்கள் மாமனாரின் கண்ணீர் அஞ்சலி. அச்சடித்த தாள் பீரோவில் இருக்கிறது, அதைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்தால் ஃபேனில் தூசி போர்வை மாதிரி, ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை. எஸ்எஸ்டி மாட்ட உள்ளே சரியான ஃபிரேம் இல்லை, கொழுந்தனார் மகன் இருபக்க டேப் போட்டு ஒட்டிவிட்டான். அதில் தவறில்லையே? 64-பிட் போட்டோம், ரேம் முழுசாகத் தெரிகிறது. எஸ்எஸ்டி, வேலைக் கூலி சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. பேஜ்மேக்கரும் ஓடுகிறது.

சுவிட்ச் போட்டதிலிருந்து 26 செகண்ட். உலையில் தண்ணீர்கூடச் சுடவில்லை.

ஒரே ஒரு தொல்லை. ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிட்டால் காலையில் 2014 ஜனவரி 1 என்று காட்டுகிறது. எந்த வெப்சைட்டும் திறக்க மாட்டேன் என்கிறது.

திருகாணி:
டேப் போதும், உள்ளே ஆடுகிற பாகம் எதுவும் கிடையாது. தேதி போவது போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்ததால். சிஆர்2032 என்று கேளுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். எழுத்து இருக்கிற பக்கம் மேலே வரவேண்டும்.