புதுப்பிப்பு: துணி போர்த்திய ஸ்மார்ட் போர்டு

தண்டையார்பேட்டையில் என் மகள் படிக்கும் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு பெரும்பாலும் துணி போர்த்தியே கிடக்கிறது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். அப்போது ஒருவர், ஐரோப்பிய ஆணையம் 2018-இல் வெளியிட்ட 'செல்ஃபி' (SELFIE) என்ற இலவச இணையக் கருவியைப் பார்க்கச் சொன்னார். பாடம் நடத்துவதில் டிஜிட்டல் கருவிகளை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று ஒரு பள்ளி தானே கேள்விகள் மூலம் மதிப்பிட்டுக்கொள்ள உதவுவது அது. அவருக்கு என் நன்றி.

அதன் முறை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. தலைமையாசிரியர், ஆசிரியர்கள், மாணவர்கள் மூன்று தரப்பும் பெயர் சொல்லாமல் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள். பள்ளிகளை வரிசைப்படுத்துவதற்காக அல்ல. பள்ளி தன்னைத் தானே பார்த்துக்கொள்வதற்காக. தலைமையாசிரியரிடம் பேசி, பெற்றோர் சிலர் தமிழில் பத்தே கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தோம்.

விடைகளைப் பிரித்தபோது நெஞ்சு கனத்தது. "பயன்படுத்துகிறோம்" என்றார்கள் ஆசிரியர்கள். "வீடியோ மட்டும் பார்க்கிறோம், நாங்கள் தொட்டதே இல்லை" என்றார்கள் பிள்ளைகள். இரண்டுமே உண்மைதான்! கடற்காற்றில் துருப்பிடித்த பிளக் பாயிண்டை மாற்றியாயிற்று. ஆனால் பெரிய குறை கருவியில் இல்லை. பாடத்தோடு அதை இணைக்க ஆசிரியர்களுக்கு நேரமும் பயிற்சியும் வேண்டும். கணக்கு ஆசிரியை சனிக்கிழமைகளில் மற்றவர்களுக்குக் கற்றுத்தர முன்வந்திருக்கிறார். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அதே கேள்விகளை மீண்டும் கொடுக்கப்போகிறோம்.