டைக்ளோஃபெனாக் ஆல்ஜினேட் மணி: அமிலத்தில் கம்மென்று இருக்கிறது, பஃபரில் பிளந்துவிடுகிறது

கோத்தகிரி_எம்ஃபார்ம்:
ஊட்டி லேபில் புராஜெக்ட் செய்கிறேன். 3 சதவீத சோடியம் ஆல்ஜினேட் (கடற்பாசிப் பசை) கரைசலில் வலிமருந்தான டைக்ளோஃபெனாக் சோடியத்தைக் கலந்து, சிரிஞ்சால் கால்சியம் குளோரைடில் சொட்டவிட்டு ஜெல் மணி (சின்ன உருண்டை) பிடிக்கிறேன். வயிற்றில் விடாமல் குடலில் மெதுவாக மருந்தை விடவேண்டும் என்பது நோக்கம். வயிற்றுக்குப் பதிலாக வைக்கும் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம் போட்டாலும் மருந்து வெளியே வருவதே இல்லை. கைடு சாருக்கு ஏக சந்தோஷம். ஆனால் குடலுக்குப் பதிலாக வைக்கும் பிஹெச் 6.8 பாஸ்பேட் பஃபருக்கு (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்) மாற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் மணி உப்பிப் பிளந்து எல்லாம் கொட்டிவிடுகிறது. 8 மணி நேரம் மெதுவாக விடவேண்டும் என்பதுதான் தலைப்பே! போதாததற்கு ஆடி மாத மூடுபனியில் மணி காயமாட்டேன் என்கிறது. காலைக் குளிரில் கரைசல் கெட்டியாகி மணிக்கு வால் முளைக்கிறது. அம்மா எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர், முட்டிவலிக்கு இந்த மருந்துதான் சாப்பிடுகிறார். அதனால்தான் இதை எடுத்தேன்.

குன்னூர்_அக்கா:
தம்பி, அமில ரிசல்ட்டுக்கு அதற்குள் ஸ்லைடு போட்டுவிடாதே. டைக்ளோஃபெனாக்கின் பிகேஏ (பாதி மருந்து மின்னேற்றம் பெறும் பிஹெச்) சுமார் 4. அமிலத்தில் அது தானாகவே கரையாது. ஜெல் தடுத்ததா, மருந்தே கரையவில்லையா என்று உன் சோதனை சொல்லாது. வெறும் மருந்துப் பொடியை அதே அமிலத்தில் ஓட்டு. அப்புறம் பாராசிட்டமால் வைத்து மணி செய்து பார். எந்த பிஹெச்சிலும் கரைகிற மருந்து அது. அமிலத்திலேயே வெளியே வந்தால், ஆல்ஜினேட் வலையின் துளைகள் பெரியவை என்று அர்த்தம்.

பஃபரில் பிளப்பதற்குக் காரணம் பிஹெச் மட்டும் இல்லை. கார்பாக்சில் குழுக்கள் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளுவதால் ஜெல் உப்பும், சரி. கூடவே பாஸ்பேட், முடிச்சாக இருக்கும் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. குடலில் முக்கியமான பஃபர் பைகார்பனேட். ஒரு தடவை பாஸ்பேட் இல்லாத டிரிஸ் பஃபரில் ஓட்டி ஒப்பிடு. அதிலும் பிளந்தால் மேலே கைட்டோசான் (இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) பூச்சு கொடு.

கரைசலை இளஞ்சூடாக்கிச் சொட்டவிடு, வால் குறையும். காயவைக்க 40 டிகிரி ஓவன். ஊட்டிக் காற்றை ஆடியில் நம்பாதே. கால்சியம் குளோரைடு குளியலிலும் மருந்தை அள. பாதி அங்கேயே ஓடியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

கூடலூர்_மெடிக்கல்ஸ்:
கடைக்காரனாக ஒரு கேள்வி. டைக்ளோஃபெனாக் சீட்டு வந்தால் பெரும்பாலும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும் சேர்ந்தே வருகிறது. வயிற்றில் அமிலமே குறைந்துபோனால் இந்த ஜெல்லுக்கு வயிறு எது, குடல் எது என்று எப்படித் தெரியும்? இன்னொன்று, குடலில் கரைகிற பூச்சுள்ள டைக்ளோஃபெனாக் மாத்திரை ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கும் புண் வருகிறதே?

குன்னூர்_அக்கா:
அண்ணன் கேட்டதை வைவாவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். மாத்திரை வயிற்றைத் தொடாவிட்டாலும், மருந்து ரத்தம் வழியாகப் போய் புராஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது. வயிற்றுச் சுவருக்கு அதுதான் காவல். அதனால் ‘புண்ணே வராது’ என்று தீசிஸில் எழுதாதே. பான்டோபிரசோலோடு சாப்பிட்டால் வயிற்றின் பிஹெச் 4-ஐத் தாண்டலாம், ஆல்ஜினேட் அங்கேயே திறக்க ஆரம்பிக்கும். பிஹெச் 4.5 அசிடேட் பஃபரிலும் ஓட்டு.

கோத்தகிரி_எம்ஃபார்ம்:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. அம்மாவும் காலையில் பான்டோபிரசோல் போடுகிறவர்தான். முதலில் வெறும் பொடி, அப்புறம் டிரிஸ். அமில சாம்பிளை வடிகட்டும்போது பேப்பரில் லேசாக வெள்ளையாக நிற்கிறது. ஆல்ஜினேட் தூள்தானே?

குன்னூர்_அக்கா:
தூக்கிப் போட்டுவிடாதே! பேப்பரோடு 6.8 பஃபரில் கரைத்து, 276 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் உறிஞ்சலைப் பார். மணியிலிருந்து வெளியே வந்து, அமிலத்தில் படிந்த மருந்தாக இருக்கலாம்.