ஏஐஓ கூலர் மாட்டியவர்கள் வாருங்கள்: உங்களுக்கு நடந்தது என்ன?

சூடான கோர் (கோவை)

இன்டெல் 13700கே ப்ராசஸர், அதைத் திரவத்தால் குளிர வைக்க 360 மிமீ ஏஐஓ (பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒரே செட்டாக வருகிற கூலர்). சினிபெஞ்ச் டெஸ்ட் ஓட்டினால் சில வினாடிகளில் 100 டிகிரி, உடனே த்ராட்டில், அதாவது சூடு தாங்காமல் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் பூசுகிற பேஸ்ட்டை மாற்றினேன், ஃபேன்களின் திசையை மாற்றினேன். கடைசியில் நண்பனிடம் வேறு கம்பெனியின் 360-ஐக் கடன் வாங்கி மாட்டினேன். அதுவும் சொல்லிவைத்த மாதிரி அதே 100.

அந்த இரண்டாவது கூலரைக் கழற்றிய நேரம்தான் இன்னும் மனதில் நிற்கிறது. ப்ராசஸர் மேல் உட்காருகிற கோல்டு பிளேட்டைத் திருப்பினால் ஓரங்களில் பேஸ்ட் வழித்தெடுத்தது போல் மெல்லிசாக இருக்கிறது, நடுவில் மட்டும் திட்டாகத் தங்கியிருக்கிறது. ப்ராசஸர் மேல் ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்திப் பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். நடுவில் கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தது. எல்ஜிஏ 1700 சாக்கெட்டின் பூட்டு இரண்டு பக்கமும் அழுத்துகிற அழுத்தில் ப்ராசஸர் வளைந்து குழிந்திருக்கிறது. அந்தப் பூட்டுக்குப் பதிலாகச் சமமாக அழுத்துகிற கான்டாக்ட் ஃப்ரேம் என்ற சட்டத்தை வாங்கிப் போட்டேன், ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. அதே கூலர், அதே ஃபேன், 92-93க்கு இறங்கிவிட்டது.

யூடியூபில் எந்த ஒப்பீட்டைப் பார்த்தாலும் இந்தக் கம்பெனி அதைவிட 2 டிகிரி குறைவு என்று சண்டை போடுகிறார்கள். எனக்கு 7 டிகிரி கொடுத்தது ஒரு தகரச் சட்டம். அடுத்த பில்டுக்கு ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் III 360 எடுக்கலாமா என்று யோசனை. உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

ரெண்டரிங் ராணி (மதுரை)

கல்யாண வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோ. அசெம்பிள் செய்த கடைக்காரர் 240 ஏஐஓவை கேபினெட்டின் அடியில் மாட்டிக் கொடுத்தார், மேலே இடம் இல்லையாம். தை மாதம் முழுக்க வேலை. ஒரு ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் கேபினெட்டுக்குள்ளிருந்து களகளவென்று சத்தம். பக்கத்து டேபிளில் இருந்த பையன் டாய்லெட் குழாய் ஒழுகுகிறது என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

கேபினெட்டை லேசாகச் சாய்த்தேன். குழாய் வழியாக ஏதோ ஓடி ரேடியேட்டருக்குள் போகிற சத்தம் கையிலேயே தெரிந்தது. சத்தம் நின்றது, டெம்பரேச்சரும் நான் பார்க்கப் பார்க்க இறங்கியது. நிமிர்த்தி வைத்தால் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் களகள. அன்றைக்கு எக்ஸ்போர்ட் முடிகிற வரைக்கும் கேபினெட்டுக்கு ஒரு பக்கம் ஆல்பம் அட்டைப் பெட்டியை முட்டுக்கொடுத்துச் சாய்த்தே வைத்திருந்தேன்.

எந்த ஏஐஓவிலும் உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும். காற்று எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்துக்குப் போகும். ரேடியேட்டர் கீழே இருந்தால் உயரமான இடம் பம்ப். பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை அரைக்கும். இது கடைக்காரருக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எத்தனை பேருக்கு இப்படி மாட்டிக் கொடுத்தாரோ.

காற்றுக் கட்சி (திருச்சி)

என் அனுபவம் ஒரே வரி. டவர் கூலர் (திரவம் இல்லாத ஏர் கூலர்), ஃபேனில் டிக் டிக் என்று சத்தம், திறந்தால் பல்லி வால். எடுத்துப் போட்டேன், சரியாகிவிட்டது. அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் கூலரில் கெட்டுப்போக இருப்பதே அந்த ஃபேன் ஒன்றுதான். உங்களுடையதில் பம்ப் இருக்கிறது, குழாய் இருக்கிறது, கேஸ்கெட் இருக்கிறது, திரவம் இருக்கிறது. அந்த ரப்பர் குழாய் வழியாகத் திரவம் மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஒழுகவே வேண்டியதில்லை. ஐந்தாறு வருடத்தில் உள்ளே காற்று கூடும், பம்ப் கத்தும், தூக்கிப் போட வேண்டியதுதான். பெரும்பாலான மாடல்களில் திரும்ப நிரப்ப வழியே கிடையாது. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ என்று ஒன்று இருக்கிறது. இரண்டு டவர், ஆறு ஹீட் பைப், இரண்டு ஃபேன். பல 240 ஏஐஓக்களின் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது, அவற்றோடு தோளோடு தோள் நிற்கிறது. 120 மிமீ ஏஐஓ வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது, சாதாரண டவர் கூலரே அதைத் தோற்கடிக்கும். நாக்டுவா என்ஹெச்-டி15 வாங்கியவர்கள் சாக்கெட் மாறினால் புதுக் கிட் வாங்கி அதையே மாட்டிக்கொள்கிறார்கள், கூலர் பில்டைவிட அதிகக் காலம் உழைக்கிறது. மதுரை அக்கா, உங்களுக்கு ஏர் கூலர் போதும்.

ரெண்டரிங் ராணி (மதுரை)

போதுமா போதாதா என்று நான் கேட்கவே இல்லையே தம்பி. ஒரு மணி நேர எக்ஸ்போர்ட் ஓடும்போது அதே மேஜையில் ஹெட்போன் இல்லாமல் நாதஸ்வர ஆடியோவைச் சரிபார்க்க வேண்டும். ஏர் கூலரில் ஃபேன் ஏறி இறங்கி ஏறி இறங்கி உயிரை வாங்கியது, அதனால்தான் மாறினேன். இப்போது வேறு கேபினெட், ரேடியேட்டர் மேலே. சத்தமே இல்லை.

பட்டறை (சென்னை)

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்வீஸ் வேலை பார்த்தவன். வாரன்டி முடிந்து குப்பைக்கு வந்த ஏஐஓக்களை வெறும் ஆர்வத்தில் திறந்து பார்ப்பேன். வெளியே மூன்று கம்பெனிப் பெயர், மூன்று விதமான லைட், மூன்று விலை. உள்ளே பம்ப் ஒன்றேதான்.

டென்மார்க்கின் ஆசடெக் கம்பெனிதான் காரணம். பம்பையும் கோல்டு பிளேட்டையும் ஒரே டப்பாவில் அடக்குவதற்குப் பேட்டன்ட் அவர்களிடம் இருந்தது. அமெரிக்காவில் கூலர் மாஸ்டர் கூலர்களை விற்ற கம்பெனி மேல் போட்ட வழக்கில் 2014-இல் ஜெயித்தார்கள். அதனால் பல பெரிய பெயர்கள் அவர்களிடமே வாங்கி ஸ்டிக்கர் ஒட்டி விற்றன. பி கொயட் ப்யூர் லூப் கூலரில் பம்ப் அந்த டப்பாவில் இல்லாமல் குழாயின் நடுவில் இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நாள் ஒரு 280 மிமீ ஏஐஓ வந்தது. பம்ப் சுற்றுகிறது, கையில் வைத்தால் அதிர்வு தெரிகிறது, ஆனால் கஸ்டமருக்கு வேலை எதுவும் ஓடாத ஐடிலிலேயே 80 டிகிரி. ஒரு குழாய் கொதிக்கிறது, இன்னொன்று சில்லென்று இருக்கிறது. கோல்டு பிளேட்டைத் திறந்தேன். செம்புச் சீப்பு மாதிரி நெருக்கமான பள்ளங்கள் இருக்குமே, அதன் மேல் வெளிர்பச்சையில் களிம்பு. ஊசியால் கிளறினால் தோல் மாதிரி உரிந்து வந்தது. ரேடியேட்டர் அலுமினியம், பிளேட் செம்பு. இரண்டும் ஒரே திரவத்தில் கிடந்தால் அரிப்பு வரும், அதைத் தடுக்கத்தான் திரவத்தில் மருந்து கலக்கிறார்கள். அந்த மருந்து தரமில்லை என்றால் இதுதான் கதி. ரிவ்யூ செய்கிறவன் பெட்டியைப் பிரித்த வாரத்தில் அளக்கிறான், அவன் கண்ணில் இது படவே படாது.

அதனால் டிகிரி கணக்கைப் பார்ப்பதற்கு முன் வாரன்டி எத்தனை வருடம் என்று பாருங்கள். ஆர்க்டிக் 6 வருடம் தருகிறார்கள். 2022-இல் அவர்களுடைய லிக்விட் ஃப்ரீசர் II கேஸ்கெட்டில் பிரச்சினை என்று தெரிந்ததும் தாங்களே அறிவித்து இலவசமாகக் கிட் கொடுத்தார்கள். தவறை ஒத்துக்கொள்கிற கம்பெனி எனக்குப் போதும்.

அம்பத்தூர்க்காரன்

வாரன்டியா? கேளுங்கள்.

கேம் நடுவில் திரை கறுத்தது. கண்ணாடியைத் திறந்தால் கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் ஒரு சொட்டு. தொட்டேன், வழவழவென்று இருந்தது. அதற்கு நேர் மேலே குழாய் பம்பில் சேருகிற இடத்தில் இன்னொரு சொட்டு விழத் தயாராகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது.

கூலரை மாற்றித் தருகிறோம் என்றார்கள், தந்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். கூலரைப் போல நாலு மடங்கு விலையுள்ள கார்டுக்கு? மெயில் மேல் மெயில். பில் கேட்டார்கள், போட்டோ கேட்டார்கள், ஒழுகும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒழுகுவதைப் பார்த்தவன் ஸ்விட்சை அணைப்பானா, ஷூட்டிங் வைப்பானா? ஒழுகினால் மற்ற பாகங்களுக்கும் சேர்த்துப் பொறுப்பு என்று வாரன்டி அட்டையில் எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே படியுங்கள். வருடக் கணக்கை மட்டும் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, பட்டறை அண்ணா.

காற்றுக் கட்சி (திருச்சி)

நான் சொன்னேன் அல்லவா.

டிஸ்ப்ளே பைத்தியம் (சேலம்)

சீரியஸாகப் போகிறது, நடுவில் என்னுடையது. பம்ப் தலையில் வட்ட எல்சிடி உள்ள மாடல். ஆயுத பூஜை அன்று அப்பா மானிட்டர், கீபோர்டு, கேபினெட் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். "இதுல படம் வரும்னியே, முருகரைப் போடு" என்றார். போட்டேன். சூடத்தைக் காட்டுகிற நேரத்தில் சாஃப்ட்வேர் அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆனது. திரும்பி வந்தபோது படம் 90 டிகிரி திரும்பியிருந்தது. அப்பா தட்டோடு நிற்கிறார். "சாமியைப் படுக்க வச்சிருக்கியேடா." அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

அந்த சாஃப்ட்வேர் ஓடாவிட்டால் திரையில் கம்பெனி லோகோதான். ஓடினால் ராம் தின்கிறது. திரைக்காகக் கொடுத்த கூடுதல் காசில் இன்னொரு எஸ்எஸ்டி வந்திருக்கும். ஆனால் பார்க்க அழகு, அதை மறுக்க மாட்டேன்.

நெல்லை 7950எக்ஸ்

முதல் பதிவுக்கு வருகிறேன். 100 டிகிரி என்றதும் எல்லாரும் கூலரையே அடிக்கிறீர்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் 7950எக்ஸ் ப்ராசஸர் போட்டான், லோடில் 95. கூலர் பீஸ் சரியில்லை என்று கடையில் போய்ச் சண்டை போட்டு மாற்றி வாங்கினான். புதியதிலும் 95. என்னைக் கூப்பிட்டுக் காட்டினான், முகம் வெளுத்திருந்தது. அந்த ப்ராசஸர் அப்படித்தான்! லோடு வந்தால் 95 வரை ஏறி, அதைத் தாண்டாமல் எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவு ஓடும்படிதான் ஏஎம்டி செய்திருக்கிறது. நல்ல கூலர் போட்டால் டெம்பரேச்சர் குறையாது, க்ளாக், அதாவது வேகம், கூடும். மின்சாரத்தைக் குறைக்கிற எக்கோ மோடில் 105 வாட்டுக்கு இறக்கிக் கொடுத்தேன். வேகத்தில் பெரிய வித்தியாசம் அவனுக்கே தெரியவில்லை.

கோவை நண்பருடைய இன்டெலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். சில மதர்போர்டுகளில் முதல் தடவை பயாஸ் (போர்டின் செட்டிங்ஸ் திரை) திறந்ததும் என்ன கூலர் என்று கேட்கும். வாட்டர் கூலர் என்று தட்டினால் பவர் லிமிட்டை 4096 வாட் என்று வைத்துவிடும், அதாவது லிமிட்டே இல்லை. இன்டெல் 13700கேவுக்குச் சொல்லியிருப்பது 253 வாட். அதைக் கையால் போடுங்கள், கான்டாக்ட் ஃப்ரேம் எல்லாம் அப்புறம்.

இன்னொன்று. வெளிநாட்டு ரிவ்யூக்காரர்கள் 21, 22 டிகிரி ஏசி அறையில் அளக்கிறார்கள். நம் ஊரில் மே மாதம் மத்தியானம் அறைக்குள்ளேயே 36. அந்த 14-ஐ அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். ரிவ்யூவில் 80 என்றால் உங்களுக்கு 94. சாதாரண ஏஐஓ எதுவும் அறையைவிடக் கீழே குளிர வைக்காது. அதனால் குழாயில் வியர்த்து ஷார்ட் ஆகிவிடும் என்று கடைகளில் சொல்வதையும் நம்பாதீர்கள்.

திரவம் சூடேற நேரம் எடுக்கும் என்பதையும் கவனியுங்கள். பத்து நிமிட டெஸ்டில் ஏஐஓ ராஜா மாதிரி தெரியும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள், அப்போது வருகிற எண்தான் உண்மை. மதுரை அக்கா மாதிரி மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் அதை வைத்துத்தான் 240-ஆ 360-ஆ என்று முடிவு செய்ய வேண்டும். பம்பை ஃபேன் கர்வில், அதாவது சூட்டுக்கு ஏற்ப ஏறி இறங்குகிற வேகத்தில், விடாதீர்கள், பயாஸில் ஒரே வேகத்தில் முழுசாக ஓடட்டும். ரேடியேட்டரை அவ்வப்போது ப்ளோயரால் ஊதுங்கள், ஊதும்போது ஃபேனைச் சுற்ற விடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள்.

சூடான கோர் (கோவை)

நெல்லை அண்ணா, 253 போட்டுத்தான் அளந்தேன். ஃப்ரேம் இல்லாமல் 100, ஃப்ரேமோடு 92. பேஸ்ட் திட்டு எப்படி இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேனே. ஆனால் அரை மணி நேர டெஸ்ட் நான் செய்ததில்லை, இன்றைக்கு ஓட்டிப் பார்க்கிறேன்.

பட்டறை (சென்னை)

கோவை நண்பரே, லிக்விட் ஃப்ரீசர் III-இல் இன்டெலுக்கான கான்டாக்ட் ஃப்ரேம் பெட்டியிலேயே வருகிறது, தனியாக வாங்காதீர்கள். ஆனால் அதன் ரேடியேட்டர் கனம் 38 மிமீ. மற்றவை பெரும்பாலும் 27. ஃபேன் 25 சேர்த்தால் 63. கேபினெட் மேல்பக்கத்தில் மதர்போர்டு வரைக்கும் எவ்வளவு இருக்கிறது என்று டேப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

சூடான கோர் (கோவை)

பிடித்துப் பார்த்தேன். 56. முன்பக்கம் மாட்டினால் கிராஃபிக்ஸ் கார்டு இடிக்குமா என்று இப்போது அதை அளந்துகொண்டிருக்கிறேன்.

காற்றுக் கட்சி (திருச்சி)

பியர்லெஸ் அசாசின் உயரம் 155 மிமீ. சும்மா சொல்லிவைத்தேன்.