பி.எஃப். பிடித்தார்கள், கட்டவில்லை: பல்கலைக்கழக ஒப்பந்தப் பணியாளர்களுக்கு வழி தேவை

தோழர்களே, ஒரு மாநிலப் பல்கலைக்கழக விடுதியில் ஏஜென்சி மூலம் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்கள் பிரச்சினை இது. 2023 ஜூன் முதல் 2024 மார்ச் வரை சம்பளத்தில் 12% பி.எஃப். பிடித்தம். யுஏஎன் (பி.எஃப். கணக்கு எண்) பாஸ்புக்கில் அந்த மாதங்கள் காலி. ஏஜென்சி மாறிவிட்டது, பழையவர் போனை எடுப்பதில்லை. பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் "அது ஏஜென்சி விவகாரம்" என்கிறார்கள். அந்தப் பேச்சு செல்லாது. ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர்தான், அதாவது இங்கே பல்கலைக்கழகம்தான் பொறுப்பு. பில் பாஸ் பண்ணுமுன் முந்தைய மாத ஈசிஆர் சலானை (யார் யாருக்கு எவ்வளவு பி.எஃப். கட்டியது என்ற கணக்கும் ரசீதும்) வாங்கிப் பார்ப்பது அதற்காகத்தான். இங்கே நிதிப் பிரிவு எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதோ!

இபிஎஃப்ஓ (பி.எஃப். நிறுவனம்) குறைதீர் தளத்தில் போட்ட புகாரை "பழைய நிறுவனத்தை அணுகவும்" என்று முடித்துவிட்டார்கள். சலான் நகல் கேட்ட ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட) மனுவுக்கு, தனிநபர் தகவல் என்று பிரிவு 8(1)(ஜே) காட்டி மறுப்பு. பிரிவு 19(1)-இன் கீழ் போட்ட முதல் மேல்முறையீட்டுக்கு 45 நாள் தாண்டியும் பதில் இல்லை. தகவல் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் அங்கே வரிசை பெரிது.

கையில் இருப்பது வங்கி ஸ்டேட்மென்ட், விடுதி வருகைப் பதிவேட்டின் போட்டோ. பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டு மூன்று பேரிடம் மட்டும்தான். பணி ஆணை யாருக்கும் தரவில்லை.

பல்கலைக்கழகத்தையும் எதிர்தரப்பாகச் சேர்த்து 7ஏ விசாரணை (பி.எஃப். பாக்கியை நிர்ணயிக்கும் விசாரணை) கேட்டால், சீட்டு இல்லாதவர்களுக்கு வேறு என்ன ஆவணம் இணைக்க வேண்டும்?