கெண்டைக்கால் மசாஜ்: ஆழமாக அழுத்தினால் தசை மேலும் இறுகுவது ஏன்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். விளையாட்டு மசாஜ் பயிற்சியில் முதல் ஆண்டு மாணவன் நான். நெடுந்தூர ஓட்டக்காரர் ஒருவரின் கெண்டைக்காலில், தொட்டாலே தெரியும் அளவுக்கு இறுகிய பகுதி ஒன்று உள்ளது. கடும் உழைப்பின்போது தசையில் உருவாகும் லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கும் என்று எண்ணி அதில் கட்டைவிரலால் ஆழமாக அழுத்துகிறேன். தசையோ இளகுவதற்குப் பதிலாக விறைத்துக்கொள்கிறது, என் விரல் மூட்டும் வலிக்கிறது. அழுத்தம் போதவில்லையா, முறையே தவறா?

பதில் 1:
அழுத்தம் குறைவன்று, அவசரம் அதிகம் என்றே தோன்றுகிறது. திடீர் வலி வந்தால் உடல் தன்னைக் காத்துக்கொள்ளத் தசையை இறுக்கும். அதனுடன் மல்லுக்கட்டினால் தோற்பது உங்கள் கட்டைவிரல்தான். முதலில் உள்ளங்கையால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி மெதுவாக நீவி, பிறகு பிசைந்து, தசை தளர்ந்த பின்னரே ஆழத்துக்குச் செல்லுங்கள். அப்போதும் விரலை விட்டுவிட்டு முன்கையைப் பயன்படுத்தி, கை வலுவால் தள்ளாமல் உடல் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். வலி பத்துக்கு எத்தனை என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். ஏழைத் தாண்ட விடாதீர்கள்.

இறுக்கம் எந்தத் தசையில் என்பதையும் பாருங்கள். மேலே உள்ள காஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலைக் கடந்து தொடையெலும்பில் இணைகிறது. அடியிலுள்ள சோலியஸ் முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. ஆகவே, குப்புறப் படுத்தவரின் முழங்காலை மடக்கினால் மேல்தசை தளர்ந்து, சோலியஸ் கைக்கு எட்டும். இறுகிய இடத்தைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை முன்னங்கால் பக்கமாக அவரையே மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் தேய்ப்பதைவிட, உங்கள் பிடியின் கீழ் தசை தானே நீள்வது பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும்.

பதில் 2:
அதற்கெல்லாம் முன்பு ஓர் எச்சரிக்கை. ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, நிறமாற்றம் ஆகியவை காணப்பட்டால், குறிப்பாக அண்மையில் அறுவை சிகிச்சையோ நீண்ட பயணமோ நடந்திருந்தால், அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடக்கூடும் என்பதால், கை வைக்காமல் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். முழங்காலின் பின்குழியிலும் ஆழமாக அழுத்தாதீர்கள். நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அங்கே அதிகப் பாதுகாப்பின்றி ஓடுகின்றன.

பதில் 3:
லாக்டிக் அமிலம் பற்றி ஒரு திருத்தம். ஓட்டம் நின்ற பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடலே அதை அகற்றிவிடுகிறது. மறுநாள் நீங்கள் பிசைந்து வெளியேற்ற அங்கே எதுவும் மிச்சமில்லை. 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சமடையும் வலி, பழக்கமில்லாத உழைப்பால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தோடு தொடர்புடையது. மசாஜ் அதைச் சற்றுத் தணிக்கும், அவ்வளவுதான். பயிற்சிச் சுமை மாறாவிட்டால் அதே இறுக்கம் அடுத்த வாரமும் உங்கள் மேசைக்கு வரும்.

கேட்டவர்:
நன்றி. வீக்கமோ சூடோ இல்லை. முழங்காலை மடக்கிப் பார்த்தபோது இறுக்கம் சோலியஸில்தான் என்று தெரிந்தது. அவருக்கு ஆறு நாளில் போட்டி; ஆழமான பிடியை எப்போது நிறுத்த வேண்டும்?

பதில் 1:
இன்றோ நாளையோ ஒரு முறை செய்துவிட்டு நிறுத்திவிடுங்கள், ஏனெனில் ஆழமான பிடிக்குப் பின் ஓரிரு நாள் தசை நோவு இருக்கக்கூடும். போட்டியன்று மிதமான, விரைவான நீவுதல் மட்டும் போதும்.